ஒரு சாண் காடு

அக்டோபர் 5, சனி

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். என்னைப் பற்றிக் குறைவாக நினைக்க வைப்பதையும் எழுதுவேன். வீட்டார் படித்தால் கோபப்படக்கூடியதையும் எழுதுவேன். அழகுக்காக ஒரு வரியும் சேர்க்க மாட்டேன்.

க. சுடர்க்கொடி, ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு.

இன்று தொடங்குவதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டை ஒட்டிய முந்திரிக் கொட்டகைக்குள் இப்போது பூமி இருக்கிறது. வழக்கமாகப் பூமிக்கு மேலேதான் கொட்டகை இருக்கும். எங்களுடையதில் உள்ளேயும் இருக்கிறது, பெட்டி பெட்டியாக.

ஊருக்குக் கிழக்கே தரிசில் ஒரு போர் போடும் வண்டி வந்து நிற்கிறது. நிலக்கரி இருக்கிறதா என்று பார்க்க வந்த ஆய்வுக் குழுவின் வண்டி. அது மண்ணைத் தூளாக்காமல், வாழைத்தண்டைப் போல உருளையாக அறுத்து மேலே எடுக்கிறது. அந்த உருளைகளை நீளமான மரப்பெட்டிகளில் வரிசையாக அடுக்கி எங்கள் கொட்டகையில் வைக்கிறார்கள். குழுவுக்குச் சமைத்துப் போடுவது அம்மா. கொட்டகைக்குக் காவல் அப்பா.

அப்பாவின் பெயர் கலியபெருமாள். மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு ஒன்றரை வருடம் வீட்டில்தான் இருந்தார். இப்போது நீலச் சட்டை, டார்ச் லைட், மாதச் சம்பளம். அந்தச் சட்டையை அம்மாவைக்கூடத் துவைக்க விடுவதில்லை.

ஊரார் வண்டியைப் பார்த்துக் கேட்பது ஒரே கேள்வி. "தண்ணி வந்துச்சா?"

வண்டி ஓட்டும் துரைசிங்கம் அண்ணன் இன்று சொன்னார்: "தண்ணி இல்லீங்க. கரி தேடுறோம்."

பால்காரர் மாமா சைக்கிளை நிறுத்தினார். "கரிக்கா இம்மாந் தூரம் தோண்டுறீங்க? நாலு கருவ மரத்த வெட்டி, மண்ணப் போட்டு மூடி மூட்டம் போட்டா ஆச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நான் நூலகத்தில் எடுத்துவந்த, அட்டை இல்லாத புத்தகத்தின்படி பால்காரர் மாமா சொன்னது ஏறக்குறைய சரி. கீழே இருப்பதும் மரங்கள்தான். மூட்டம் போட்டது மட்டும் ஆளில்லாமல் நடந்திருக்கிறது.

அப்பா "லைட்ட அமத்து" என்கிறார். இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது. அமத்தவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

குழுவின் தலைவி ஜெபமலர் மேடம். நாகர்கோவில்காரர். வயது அதிகம் இல்லை, ஆனால் சிரிப்பதே இல்லை. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன்.

"என்ன வேணும்?"

"சும்மா பாக்கலாமா மேடம்?"

"பாரு. தொடாத. கேள்வியும் கேக்காத மக்ளே, எனக்கு வேல கெடக்கு."

ஆகவே புத்தகத்தையே கேட்டுக்கொள்கிறேன். அது சொல்வதை என் வார்த்தையில் எழுதுகிறேன்.

காற்றில் கரி இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல். இலை அதை எடுத்து மரமாக்குகிறது. மரம் மக்கினாலோ எரிந்தாலோ அது மறுபடி காற்றுக்கே போய்விடும். மூச்சு உள்ளே போய் வெளியே வருவது மாதிரி. ஆனால் ஒரு மரம் சேற்றில் விழுந்து, காற்றுப் படாமல் மூழ்கி, அதன் மேல் இன்னொரு மரம் விழுந்து, மேலே களிமண் மூடிவிட்டால்? மக்க முடியாது. உள்ளே போன மூச்சு வெளியே வராது. அப்படியே கோடிக்கணக்கான ஆண்டுகள் அடக்கிவைத்த மூச்சுதான் நிலக்கரி.

இதைப் படித்துவிட்டு நானும் மூச்சை அடக்கிப் பார்த்தேன். வாளி நிரம்பும்வரைகூட முடியவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

கணக்குத் தாள் கொடுத்தார்கள். உண்மையாக எழுதுவதென்றால் மதிப்பெண்ணையும் எழுத வேண்டும். நாளை எழுதுகிறேன்.

அக்டோபர் 9, புதன்

கறுப்பு வந்துவிட்டது.

பள்ளி விட்டு வந்து பையைக்கூடக் கழற்றாமல் தரிசுக்கு ஓடினேன். குழாயைச் சாய்த்து மெதுவாகத் தட்டினார்கள். முதலில் கருஞ்சாம்பல் நிறக் களிமண் வந்தது. அதற்குப் பின்னால், அதை ஒட்டியே, கறுப்பு. சுத்தக் கறுப்பு இல்லை, காப்பிக்கொட்டை நிறம் கலந்த கறுப்பு. கிட்டே போய்ப் பார்த்தால் மர நார் தெரிகிறது. பலகையில் தெரிவது போலவே கோடு கோடாக. வாசம்கூட இருந்தது. மழையில் நனைந்த விறகின் வாசம்.

களிமண் துண்டின் உடைந்த முகத்தில் ஓர் இலை அச்சாகக் கிடந்தது. நரம்பெல்லாம் தெரிந்தது. அந்த இலை கீழே விழுந்தபோது அதைப் பார்க்க மனிதர் ஒருவரும் உலகத்தில் இல்லை. முதலில் பார்த்தவர்களில் ஒருத்தி நான்.

துரைசிங்கம் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியா பாப்பா, ஒங்க பால்காரரு சொன்ன மூட்டம்" என்றார்.

ஜெபமலர் மேடம் சிரித்தார். சத்தியமாக.

(கணக்கு: 41.)

அக்டோபர் 10, வியாழன்

கறுப்பு முடிந்துவிட்டது. அதன் கீழே சாம்பல் களிமண், அதில் மெல்லிய கறுப்பு இழைகள். அதற்கும் கீழே வெள்ளைக் கல், அதில் சிப்பிகள். எங்கள் ஊர்க் கிழக்குத் தரிசில் சிப்பி. அதாவது முதலில் கடல், பிறகு சேறு, பிறகு காடு, பிறகு மறுபடி சேறு.

நாளை ஆயுத பூஜை என்பதால் குழுவில் எல்லோரும் ஊருக்குப் போகிறார்கள். மேடம் பையை மாட்டிக்கொண்டு அப்பாவிடம் சொன்னார்:

"அண்ணே, மேல் பெட்டியெல்லாம் படம் எடுத்து அளந்தாச்சு. கடைசி மூணு பெட்டி மட்டும் பாக்கி. கரி இருக்கது அதுலதான். திங்கக்கிழம வந்து பாக்கேன். பத்திரம்."

"எம்புள்ள மாதிரி பாத்துக்கறேன் மேடம்."

"அடுத்த வியாழக்கிழம ஆபீஸ்லேருந்து பெரிய சார் வாராரு. ஒரு துண்டு கொறையக் கூடாது, கேட்டீங்களா?"

"ஒரு தூசி அண்டாது மேடம்."

மேடம் போன பிறகும் அப்பா கொட்டகை வாசலிலேயே நெடுநேரம் நின்றார்.

அக்டோபர் 11, வெள்ளி, ஆயுத பூஜை

எங்கள் வீட்டில் ஒன்றரை வருடமாகப் பூஜைக்கு வைக்க ஆயுதம் இல்லை. போன வருடம் அம்மா அரிவாள்மனையையும் என் ஜாமெட்ரி பாக்ஸையும் வைத்தாள். இந்த வருடம் அப்பா விடியும் முன்பே எழுந்து, டார்ச், நீலச் சட்டை, குழுவின் ஸ்பேனர்கள், கடப்பாரை எல்லாவற்றையும் கழுவினார். பிறகு கொட்டகைக்குள் போனார்.

மூன்று பெட்டிகளும் சேறாக இருந்தன. அப்பா உருளைத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் வெயிலில் பரப்பினார். காலிப் பெட்டிகளைத் தேங்காய் நார் போட்டு, சோப்புத் தண்ணீரில் தேய்த்தார். மர நிறம் பளிச்சென்று வந்தது. பிறகு ஒவ்வொரு துண்டையும் ஈரத் துணியால் துடைத்தார். நானும் துணி பிழிந்து கொடுத்தேன். களிமண் கரையும் என்பதால் அதை மட்டும் காய்ந்த துணியால் துடைக்கச் சொன்னேன். "படிச்ச புள்ள" என்று மெச்சினார்.

காய்ந்ததும் அடுக்கினார். கறுப்பு எல்லாம் ஒரு பெட்டி. சாம்பல் எல்லாம் ஒரு பெட்டி. வெள்ளை எல்லாம் ஒரு பெட்டி. பெரியது முதலில், சிறியது கடைசியில். பெட்டிக்குப் பெட்டி சந்தனம் குங்குமம். கண்காட்சி மாதிரி இருந்தது. எனக்கும் அழகாகவே பட்டது.

இப்போது முக்கியமான விஷயம். அப்பா எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வெள்ளைக் கல் பெட்டி மேல் வைத்தார். பழம் உருண்டு கல் மேல் கவிழ்ந்தது. எடுக்கப் போனபோது பார்த்தேன், சாறு பட்ட இடத்தில் பொடிப் பொடியாக நுரை. காதை வைத்தேன். மெல்லிய இரைச்சல் கேட்டது.

ஓடிப்போய்ப் புத்தகத்தைப் பார்த்தேன். சிப்பிகளும் கரியைப் பூட்டுகின்றனவாம். கடல் தண்ணீரில் கரைந்த கரியைக் கொண்டு ஓடு கட்டிக்கொள்கின்றன. செத்த பிறகு ஓடுகள் அடியில் சேர்ந்து சுண்ணாம்புக் கல் ஆகின்றன. உலகத்துக் காடுகளையும் நிலக்கரியையும் எண்ணெயையும் சேர்த்தாலும் அவற்றைவிடப் பல மடங்கு கரி இந்தக் கல்லில்தான் பூட்டியிருக்கிறது. புளிப்புப் பட்டால் பூட்டு திறந்து வாயுவாக வெளியே வரும். எங்கள் பூஜையில் ஒரு பழைய கடல் மூச்சு விட்டது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வீதி முழுக்கப் பார்த்தேன். எல்லோரும் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

வேறு குறிப்புகள்: சாம்பிராணிக்கு அடுப்புக்கரி தீர்ந்துவிட்டது. அம்மா கடைக்காரரைத் திட்டினாள். பிறகு கொட்டாங்கச்சியைப் பற்றவைத்து எப்படியோ தூபக்காலோடு வந்தாள். ஊதி ஊதி அவள் கண் சிவந்துவிட்டது. புகை நிறைய, சாம்பிராணி வாசம் கொஞ்சம். ஈர விறகு வாசம்தான் தூக்கலாக இருந்தது. அப்பா இருமிக்கொண்டே கும்பிட்டார். பொரி நன்றாக இருந்தது.

அக்டோபர் 12, சனி

காலையில் புத்தகத்தில் ஒரு வரி படித்தேன். "கீழே கிடப்பது பழையது, மேலே கிடப்பது புதியது, வரிசையே வரலாறு."

புத்தகத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

வாசலுக்கு ஓடினேன். "யப்பா, பெட்டி ஓரத்துல நம்பர் போட்டு இருந்துச்சே. அது எங்க?"

"நம்பரா? சாக்பீசுல கிறுக்கி இருந்துச்சு. தேச்சு வுட்டுட்டேன்."

"துண்டு மேலயும்?"

அப்பா டார்ச்சைக் கீழே வைத்தார். "அழுக்குன்னு நெனச்சேன்" என்றார்.

நான் விளக்கினேன். அவர் பாதி கேட்கும்போதே உட்கார்ந்துவிட்டார். நிறத்தை நிறத்தோடு சேர்த்ததில் கடலும் காடும் சேறும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. எது எதன் மேல் இருந்தது, கறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று இனி யாருக்கும் தெரியாது.

"வேல போயிரும்" என்றார். அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

வழி இருக்கிறது. எழுதும்போது கை ஓடமாட்டேன் என்கிறது, மனம் அதற்கு முன்னால் ஓடுகிறது.

காலையில் அம்மா சட்னிக்குப் பூஜைத் தேங்காயை எடுத்தாள். வெள்ளியன்று நாலு தேங்காய் உடைத்தோம், எட்டு மூடிகள். எந்த மூடிக்கு எது ஜோடி என்று விளையாட்டாக வைத்துப் பார்த்தேன். வேறு ஜோடி சேரவே சேராது. ஒரே உடைப்பின் இரண்டு பக்கம்தான் சேரும்.

மூடிகளோடு கொட்டகைக்கு ஓடினேன். "யப்பா, இதுவும் ஒடைஞ்சதுதான?"

அப்பாவும் நானும் முதல் ஜோடியைக் கண்டுபிடிக்க நெடுநேரம் ஆனது. வெள்ளைக் கல்லில் இரண்டு துண்டு. பக்கத்தில் வைத்துத் திருகினால், ஒரு இடத்தில் டக்கென்று உட்கார்ந்தது. குறுக்கே ஒரு சிப்பி, பாதி இதில், பாதி அதில், முழுதாகிவிட்டது. அப்பா என் தலையில் கை வைத்து அழுத்தினார்.

மாலைக்குள் வெள்ளை முடிந்தது. மொத்த வரிசையும் மேல் கீழ் தலைகீழாக இருக்குமோ என்ற சந்தேகம் மட்டும் இருக்கிறது.

அக்டோபர் 14, திங்கள்

பள்ளியில் என்ன நடத்தினார்கள் என்று கேட்டால் தெரியாது.

நான் வரும்போது ஜெபமலர் மேடம் கொட்டகைக்குள் நின்றிருந்தார். பெட்டிமேல் இன்னும் சந்தனப் பொட்டு.

"என்னத்த செஞ்சு வச்சிருக்கீங்க அண்ணே?"

அப்பா நீலச் சட்டையோடு சுவர் ஓரம் நின்றார். "ஆயுத பூஜைங்க மேடம். சுத்தம் பண்ணேன்."

"சுத்தமாத்தான் பண்ணியிருக்கீங்க." மேடம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். "படம் எடுக்காம ஊருக்குப் போனது என் தப்பு. எனக்க வேலையும் போவும், ஒங்க வேலையும் போவும். சேந்தே பஸ் ஏறுவோம்."

நான் சொன்னேன்: "மேடம், வெள்ள சேந்துருச்சு."

"என்னது?"

"ஒடைஞ்ச முகத்த வச்சுச் சேத்தோம். ஆனா மேல எது கீழ எதுன்னு தெரியல."

மேடம் குனிந்து இணைப்புகளைத் தடவிப் பார்த்தார். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. பிறகு சாம்பல் பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தார். முதல் முறையாக அனுமதியோடு தொட்டேன்.

அதில் அந்தக் கறுப்பு இழைகள் இருந்தன. ஒரு முனையில் விரல் தடிமன், போகப் போக நூல் போல மெலிந்து கிளை விட்டிருந்தன. எனக்கு மண்டைக்குள் பல்பு எரிந்தது.

"மேடம், இது வேர்."

"ஆமா."

"வேர் கீழதான் போவும். அப்ப மெல்லிசா இருக்கற பக்கம் அடி."

"தெரிஞ்சிருக்குல்லா, பெறவு ஏன் நிக்க? வேலயப் பாரு."

அக்டோபர் 15, செவ்வாய்

மழை. பள்ளி விடுமுறை. வாழ்க்கையில் இதைவிட நல்ல விடுமுறை கிடையாது.

மேடம், அப்பா, நான், துரைசிங்கம் அண்ணன். தகரக் கூரையில் மழை அடித்த அடியில் கத்திக் கத்திப் பேசினோம். அண்ணன் ஒரு துண்டோடு அரைமணி போராடிவிட்டு, "எம்பொண்ணுக்கு மாப்ள பாத்தப்பகூட இவ்ளோ பொருத்தம் பாக்கல" என்றார். மேடம் "அதான் பொண்ணு திரும்பி வந்து நிக்கா போல" என்றார். "அவ வரல மேடம், மாப்ளதான் வந்து நிக்கிறான், மூணு வேளையும் சாப்புட்டுட்டு" என்றார் அண்ணன்.

வேர்க் களிமண்ணின் அடி வெள்ளைக் கல்லின் ஒரு முனையோடு பொருந்தியது. ஆகவே வெள்ளையின் மேல் கீழும் தெரிந்துவிட்டது. வேர்க் களிமண்ணின் உச்சி கறுப்போடு பொருந்தியது. அந்த இணைப்பைச் சேர்த்தது நான். வேர் இந்தத் துண்டில், மரம் அந்தத் துண்டில். காடு எந்த மண்ணில் முளைத்ததோ அந்த மண்ணின் மேலேயே விழுந்து கிடக்கிறது.

அம்மா இரண்டு தடவை டீ கொண்டு வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அக்டோபர் 16, புதன்

இன்றும் மழை விடுமுறை. மதியத்துக்குள் எல்லாம் சேர்ந்தது, ஒரு இடத்தைத் தவிர.

கறுப்பின் உச்சித் துண்டு இருக்கிறது. அதன் மேல் வர வேண்டிய, இலை அச்சுக் களிமண்ணும் இருக்கிறது. இரண்டும் சேரவில்லை. எப்படித் திருகினாலும் சேரவில்லை. அண்ணன் எவ்வளவு ஆழம் துளைத்தார் என்பதற்குக் கணக்கு உண்டு. துண்டுகளை அளந்தால் ஒரு சாண் குறைகிறது.

காட்டின் உச்சி ஒரு சாண். அதாவது கடைசியாக முளைத்த மரங்கள், கடைசியாக விழுந்த கிளைகள், அதன் மேல் சேறு வந்து மூடிய வேளை. பூட்டு விழுந்த இடம். அதுதான் காணோம்.

மேடம் மெதுவாகக் கேட்டார். "அண்ணே, வேற யாராவது உள்ள வந்தாங்களா?"

"யாரும் வரல மேடம்."

"போன வருசம் வேற ஒரு முகாம்ல காவல்காரர் ஒருத்தர் துண்ட எடுத்து ஷோகேசுக்கு வித்துட்டாரு. மரம் மாதிரி இருக்கில்லா, ஆசப்பட்டு வாங்கறாங்க. பெரிய சார் மொதல்ல அதத்தான் கேப்பாரு. நான் கேக்கல. அவரு கேப்பாரு."

அப்பாவின் முகம் எப்படி ஆனது என்று எழுத என்னால் முடியவில்லை. "எம்புள்ள மாதிரின்னு சொன்னனே" என்றார். சாக்கு, வாய்க்கால், குப்பை எல்லாவற்றையும் மழையில் நனைந்துகொண்டே கிளறினார். நீலச் சட்டையோடு.

வேறு குறிப்புகள்: மதியம் சாம்பாரில் உப்பு இரண்டு மடங்கு. அம்மா அப்படிப் போடுகிறவள் இல்லை. சாமி மாடத்தில் தூபக்காலைக் காணோம். அது அரிசி டிரம்முக்குப் பின்னால், பழைய துணியில் சுற்றி இருக்கிறது. பென்சில் உருண்டு போனதால் பார்த்தேன்.

பென்சில் உருளவில்லை. நான் தேடித்தான் போனேன். காலையில் கறுப்புத் துண்டை மூக்கருகே வைத்தபோது வெள்ளிக்கிழமைப் புகையின் வாசம் வந்தது.

துணியைப் பிரிக்கவில்லை. அம்மா பின்னால் நின்றாள்.

"கரி இல்லடி. வெயில்ல சாக்கு மேல கறுப்பா கெடந்துச்சு. அவ்ளோ கெடந்துதே, ஒண்ணு எடுத்தா என்னான்னு எடுத்துட்டேன். எல்லாரும் கரி கரின்னுதான சொன்னாங்க."

"யம்மா, சொல்லிருக்கலாம்ல."

"எப்புடிச் சொல்றது? திங்கக்கிழம அந்த மேடம் பொண்ணு ஒக்காந்த ஒக்காரலப் பாத்ததும் வாய் வரல. அவரு ஒன்றர வருசம் கூரைய பாத்துப் படுத்திருந்தது ஒனக்கு மறந்துட்டுதா? எம்புட்டுத் தவத்துக்குக் கெடச்ச சட்ட அது. பொண்டாட்டியே எரிச்சான்னா வச்சிருப்பாங்களா?"

"வித்துட்டாருன்னு சொன்னா மட்டும் வச்சிருப்பாங்களா?"

அம்மா தூபக்காலை மறுபடி டிரம்முக்குப் பின்னால் தள்ளினாள். "நீ சொல்லாத" என்றாள். மறுபடியும் அதையே சொன்னாள், இந்த முறை கெஞ்சலாக.

அக்டோபர் 17, வியாழன்

பள்ளிக்குப் போகவில்லை. வயிற்று வலி என்று சொன்னேன். பொய்.

பெரிய சார் வந்தார். சந்தானகோபாலன் என்று பெயர். வெள்ளை முடி, ரப்பர் செருப்பு, கழுத்தில் கயிற்றில் தொங்கும் பூதக்கண்ணாடி. மேடம் ஒன்றையும் மறைக்கவில்லை. பூஜை, தேங்காய் மூடி, வேர் எல்லாவற்றையும் சொன்னார். சார் பெட்டி ஓரம் நடந்தபடியே கேட்டார். அடியிலிருந்து மேலே வந்தார். கறுப்பின் உச்சிக்கு வந்ததும் நின்றார்.

"இங்கே என்ன?"

"ஒரு சாண் காணல சார்."

"காணலைன்னா? கால் முளைச்சு நடந்து போச்சா?" அப்பா பக்கம் திரும்பினார். "நீர்தான் காவலா?"

"ஆமாங்க ஐயா."

"யாருக்காவது கொடுத்தீரா?"

அப்பா தலையை ஆட்டினார். இல்லை என்ற ஆட்டலா, கேட்டதே புரியவில்லை என்ற ஆட்டலா என்று தெரியவில்லை. அவர் கை நீலச் சட்டையின் மேல் பட்டனில் இருந்தது, கழற்றிக் கொடுத்துவிடப் போகிறவர் போல. என் வாய் திறந்துவிட்டது. அதற்குள் வாசலில் அம்மாவின் குரல் கேட்டது.

"அவரு குடுக்கலீங்க. நான் எரிச்சிட்டேன்."

அம்மா பூஜைக்குப் பிறகு முதல் முறையாகக் கொட்டகைக்குள் வந்தாள். கையில் தூபக்கால். கீழே வைத்துத் துணியைப் பிரித்தாள்.

"சாம்பிராணிக்குக் கரி இல்லீங்க. இத எடுத்து ஒரு முனையக் கொட்டாங்கச்சி நெருப்புல சொருவுனேன். புடிக்கவே மாட்டேன்னுடுச்சு. ஊதி ஊதி எனக்கு மயக்கமே வந்துட்டுது. நாத்தம் தாங்காம தண்ணி ஊத்தி அமத்திட்டேன். அவருக்குத் தெரியாது. எதுன்னாலும் என்னைச் சொல்லுங்க."

யாரும் பேசவில்லை. சார் குந்தி உட்கார்ந்து தூபக்காலுக்குள் பார்த்தார். மேலே வெள்ளைச் சாம்பல், அதற்குள் கருகிய கட்டை. விரலால் சாம்பலை விலக்கினார்.

"முழுசா எரியலையே" என்றார்.

கட்டையின் ஒரு முனை எரிந்து போயிருந்தது. மறு முனை, நெருப்புக்கு வெளியே நின்ற முனை, அப்படியே இருந்தது. உடைந்த முகம். நான் அனுமதி கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு பெட்டிக்கு ஓடினேன். உச்சித் துண்டின் மேல் வைத்தேன். சேரவில்லை. திருகினேன். சேரவில்லை. மேடம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் திருகினேன்.

டக்.

மர நார் இதிலிருந்து அதற்குள் கோடு மாறாமல் போனது. சார் பூதக்கண்ணாடியை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவர் கழுத்தின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இதேதான்" என்றார்.

அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார்.

சார் அம்மாவைப் பார்த்தார். "கோடிக்கணக்கான வருஷம் ஒரு நெருப்பும் அண்டாம கிடந்ததம்மா. உங்க வீட்டு சாமிக்குத்தான் குடுத்து வச்சிருக்கு."

அம்மாவுக்கு இது திட்டா என்று தெரியவில்லை. "சாமி இருமுனுச்சுங்க" என்றாள்.

துரைசிங்கம் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார். சார் சிரிக்கவில்லை, ஆனால் மீசை ஆடியது.

பிறகு சட்டமாகப் பேசினார். எரிந்து போன மேல் பாகத்துக்கு அதே அளவு மரக்கட்டை வைக்க வேண்டும். இல்லாததை இருப்பது போல ஒட்டவைக்கக் கூடாது. கட்டை மேல் காரணம் எழுத வேண்டும். மேடம் மூன்று பெட்டிகளையும் இன்றே படம் எடுக்க வேண்டும். காவல்காரர் வேலையில் தொடரலாம், ஆனால் கொட்டகைக்குள் துடைப்பமோ துணியோ எடுத்துப் போகக் கூடாது.

"அடுத்த ஆயுத பூஜைக்கு, ஐயா?" என்று அப்பா கேட்டார்.

"உம்ம டார்ச்சுக்கு மட்டும் பொட்டு வையும்."

மரக்கட்டையை அப்பாவே முந்திரிப் பெட்டிப் பலகையில் அறுத்துக் கொடுத்தார். மேடம் பேனாவை என்னிடம் நீட்டினார். "எழுத்து நல்லா இருக்குமில்லா, நீயே எழுது." எழுதினேன்: "மேல் பகுதி இல்லை. ஆயுத பூஜையில் எரிந்தது." மேடம் படித்துவிட்டு ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

இரவுச் சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது. அப்பா இரண்டு தடவை சோறு வாங்கினார். அம்மாவைப் பார்த்து, "கரி வேணும்னா சொல்லு, வாங்கியாரேன்" என்றார். அம்மா கரண்டியை ஓங்கினாள். சட்டை கொடியில் காய்கிறது. இன்று அதை அம்மா துவைத்தாள், அப்பா தடுக்கவில்லை.

எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த எரிந்த துண்டையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மழைக்கால இலைகள் எத்தனை சேர்ந்து, எத்தனை மரம் விழுந்து அமுங்கினால் அந்த ஒரு சாண் ஆகும்? பூட்டுவதற்கு அவ்வளவு காலம். திறப்பதற்கு அம்மாவின் ஒரு கொட்டாங்கச்சி. அடக்கிய மூச்சு எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது. அதில் கொஞ்சம் எங்கள் வேப்பமரத்து இலைக்குள் இப்போது இருக்கலாம். கொஞ்சம் நான் இருமி வெளியே விட்டேன்.

சார் போகும்போது மேடத்திடம், கறுப்பு நல்ல தடிமன் என்று சொன்னார். கிழக்கே யார் யார் நிலம் என்றும் அப்பாவிடம் விசாரித்தார். அப்பா எல்லாப் பெயரையும் சொன்னார், கடைசியாக எங்கள் பெயரையும். சுரங்கம் வந்தால் அந்த நிலமெல்லாம் போகும்; அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. நானும் இன்று நல்லதை மட்டும் நினைக்கிறேன்.

பக்கத்து அறையிலிருந்து அப்பா, "இன்னும் தூங்கலியா, லைட்ட அமத்து" என்கிறார். வேறு நாளாக இருந்தால் இன்னும் ஒரு பக்கம் என்று சொல்லியிருப்பேன். இந்த பல்புக்கு மின்சாரம் வர எங்கேயோ இதே மாதிரி ஒரு காடு சாண் சாணாக எரிந்துகொண்டிருக்கும். ஆகவே இந்த வரியை இருட்டில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் காரணம் அதுதான். விளக்கை அமத்தியாகிவிட்டது.